நிரோஜினி இறங்குகிறாள்

கீழே முடிவுக்கோட்டருகே பார்க்க வந்தவர்கள் ஆட்டிக்கொண்டிருந்த மாட்டுமணிகளின் சத்தம் பாதியில் அறுந்துபோனபோதே முப்பத்தாறாம் எண்காரி விழுந்துவிட்டாள் என்று நிரோஜினிக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தாறு லேனா. பத்தொன்பது வயது, ஒரே அணி, காலையில் சாப்பாட்டு மேசையில் தட்டு நிறையப் பாலாடைக்கட்டியை அடுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள். நிரோஜினி முப்பத்தேழு. அடுத்தது அவள்தான். மலையுச்சியில் மூன்று பக்கமும் பலகை அடித்து ஒரு பக்கத்தை வெறும் சரிவாக விட்டிருந்த அந்தப் புறப்படும் குடிசைக்குள், குறுக்கே நீட்டியிருந்த மெல்லிய கம்பிக்கு ஒரு முழம் பின்னால் நின்று, அவள் ஏற்கெனவே தடித்த மேற்சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருந்தாள். அதிகாரி கையைக் குறுக்கே நீட்டினார். "நிறுத்தம்," என்றார். அவருடைய வாக்கிடாக்கிக்குள் யாரோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மேற்சட்டையைத் திரும்ப அவள் தோளில் போட்டார். "எந்த இடத்திலயாம்?" என்று அவள் கேட்டாள். அவர் அவளுடைய பனிச்சறுக்குப் பலகைகளைக் குனிந்து பார்த்தார். குனிந்ததிலேயே இடம் தெரிந்துவிட்டது. சட்டி.

சட்டி என்பது அப்பா வைத்த பெயர். வரைபடத்தில் அதற்கு யாரோ ஒரு பழைய பண்ணைக்காரரின் பெயர், வாய்க்குள் நுழையாத நீளம். அப்பா ஹோட்டல் சமையற்காரர். இந்த ஓடுபாதையின் காணொளியைப் பார்த்தவுடனே ஒவ்வொரு பகுதிக்கும் குசினியிலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்துவிட்டார். மேலே செங்குத்தாக விழுகிற பகுதி கரண்டிக்காம்பு, நடுவில் மேடும் பள்ளமுமாகக் காலை உதறவைக்கிற பகுதி கொதி, அதற்குக் கீழே மலை திடீரென்று குழிந்து, உடம்பை நிலத்தோடு அமுக்கி, அமுக்கிய அதே மூச்சில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிற இடம் சட்டி. மணிக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டரில் அதற்குள் இறங்கும்போது தலை ஒரு மூட்டை மாதிரிக் கனக்கும், தொடை இரண்டும் தனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி நடுங்கும். இரண்டு வருடத்துக்கு முந்தின ஜனவரியில் அவள் விழுந்ததும் அங்கேதான். அவளுக்கு நினைவிருப்பது சட்டிக்கு முந்தின சிவப்புக் கொடி வலது தோளை உரசிக்கொண்டு போனது. அதற்கப்புறம் வானம். வலைக்குள் மல்லாந்து கிடந்து பார்த்த வெள்ளை வானம், வாய்க்குள் இரத்தமும் பனியும். இரண்டுக்கும் நடுவே நான்கு விநாடி. அந்த நான்கு விநாடி அவளிடம் இல்லை. மற்ற எல்லோரிடமும் இருந்தது. தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், கைபேசி கைபேசியாகச் சுற்றியது, பேர்ண் நகரத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு மாமா, "பிள்ளை, நீ விழுந்ததை நான் பத்துத் தரம் பாத்தனான்," என்று வாழ்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வா என்று சொன்ன மனநல ஆலோசகரிடம் பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னாள். நான்கு விநாடி என்ன பெரிய விஷயம், பல் துலக்கும்போது முப்பது தடவை நான்கு விநாடி போகிறது, யார் தேடுகிறார்கள். ஆனால் இது மட்டும் பிடுங்கிய பல்லின் இடம் மாதிரி, நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது. ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. முழங்காலுக்குள் பச்சைக் கரட் கிழங்கை முறித்த மாதிரி. அதைக் காதால் கேட்டாளா எலும்பால் கேட்டாளா என்பதுகூடத் தெரியவில்லை. இப்போது லேனாவுக்கும் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்குமா, லேனாவிடமும் நான்கு விநாடி குறையுமா, சீ, எதற்கு இப்போது லேனா, லேனாவை வைத்தியர்கள் பார்ப்பார்கள், காலை ஆட்டு, தொடை குளிர்ந்தால் போச்சு, இடது, வலது, இடது.

காலை ஆட்டினாள். மெல்லிய பந்தய உடைக்குள் காற்று ஊசி ஊசியாக நுழைந்தது. பக்கத்தில் முப்பத்தெட்டாம் எண்காரி, நார்வேக்காரி, கண்களை மூடி இரண்டு கைகளாலும் காற்றில் ஓடுபாதையை வளைத்து வளைத்து வரைந்துகொண்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நிரோஜினியும் செய்வாள், கண்ணை மூடிக் கரண்டிக்காம்பிலிருந்து தொடங்கிக் கொதி வரைக்கும் ஒழுங்காகப் போவாள், சட்டிக்கு முந்தின சிவப்புக் கொடியில் கை தானாக நின்றுவிடும். அங்கே படம் இல்லை. மறுபடி மேலேயிருந்து. மறுபடி சிவப்புக் கொடி. மறுபடி ஒன்றுமில்லை. ஏழு வயதில் இப்படியெல்லாம் கண்ணை மூடத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பனி வாரத்தில் நிலவறையிலிருந்து எடுத்துக் கொடுத்த பலகைகளை மாட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகள் ஆப்பு மாதிரி நுனிகளைச் சேர்த்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தபோது அவள் நேராக, ஒரே நேராக, ஆசிரியை கத்தக் கத்த, குழந்தைகள் மேட்டைக் கடந்து, கயிற்றுக்கடியில் நுழைந்து, ஹோட்டலின் பின்புறத்தில் மரக்கறித் தோல் கொட்டிக்கொண்டிருந்த அப்பாவின் காலடியில் போய் நின்றாள். விழவில்லை, அவரில் முட்டி நின்றாள். அப்பா பயந்துபோய் வாளியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினார். "இறக்கி விடுங்கோ, திரும்பப் போகவேணும்," என்றாள். அவ்வளவுதான் தொடக்கம். இந்தக் கதையைத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு அவள் சொன்னதில்லை, அவர்களுக்கு வேறு கதை தேவைப்பட்டது. "உங்கள் நாட்டில் பனியே கிடையாதே, எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?" ஒவ்வொரு வருடமும் ஒருத்தர். இதே மலைகளுக்கு நடுவே, கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவளிடம். "எங்கள் நாட்டில் நிறைய இருக்கிறது, வருடத்தில் பாதி வாசலில் வாரிக் கொட்டுகிறோம்," என்று ஒருமுறை சொன்னாள். அதை வெட்டிவிட்டு அவள் சிரித்ததை மட்டும் போட்டார்கள். சிரித்திருக்கக் கூடாது. அதற்கப்புறம் சிரிக்காமலே சொன்னாள், அப்போது கடுமையானவள் என்று எழுதினார்கள். எழுதட்டும்.

பனியில் சப்பாத்து நெரியும் சத்தம் கேட்டது. ரெட்டோ. பத்து வருடமாக அவளுடைய பயிற்சியாளர், நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்றபோது பேசின அதே மெத்தென்ற குரலில் பேசினார்.

"லேனாவுக்கு நினைவு இருக்கிறது. கால்தான். ஹெலிகாப்டர் வருகிறது."

"நல்லது," என்றாள்.

"பாதை கிழிந்துபோயிருக்கிறது, நிரோ. சட்டிக்குள் ஒரு அடிக்குப் பள்ளம் பள்ளமாக." அவரும் சட்டி என்றே சொல்லப் பழகியிருந்தார். "வெளிச்சமும் இறங்கிவிட்டது. நீ போயே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. முழங்கால் சரியில்லை என்று நான் நடுவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டே முடிப்பது நல்லது. படுத்துக்கொண்டு முடிக்காதே."

"முடிப்பது என்றால்?"

அவர் கையுறையால் மூக்கைத் துடைத்தார். சொல்லத் தேவையில்லை. வசந்தகாலத்தில் பனிச்சறுக்குச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் அழகான எழுத்தில் இருந்தது: முதல் முப்பது பேருக்குள் ஒருமுறை வந்தால் மிச்சப் போட்டிகள் அவளுக்கு, வராவிட்டால் அவளுடைய இடம் இளையவர்களுக்கு. இந்தப் பருவத்தில் அவளுக்கு விட்டுவைத்த கடைசிப் போட்டி இது. முன் இரண்டிலும் முப்பத்தெட்டாவது, நாற்பத்தொன்றாவது. "பத்து நிமிடம் இருக்கிறது, யோசித்துச் சொல்," என்று ரெட்டோ அவள் தோளைத் தட்டிவிட்டுக் குடிசைக்கு வெளியே போய் நின்றார். ஏற்கெனவே யோசித்து முடித்த ஒருவர் மற்றவருக்கு நேரம் கொடுக்கும்போது நிற்பாரே, அந்த மாதிரி.

யோசி. எதை. முப்பது வயது. முழங்காலுக்குள் இரண்டு திருகாணி. பதினொரு மாதம் படி ஏறப் பழகினாள், ஒரு படி, இரண்டு படி, பிறகு ஒருநாள் கைப்பிடியை விட்டுவிட்டு. இயன்மருத்துவம் செய்த பெண், "இனிச் சாதாரண வாழ்க்கைக்குப் போதும்," என்று சந்தோஷமாகச் சொன்ன அன்று அவள் வாகனத்துக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள், போதும் என்ற சொல்லுக்காக. போதும் என்று யார் முடிவு செய்கிறார்கள். எல்லோரும் அவளிடம் ஒரே சொல்லைத்தான் வேறு வேறு தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். சங்கம் கடிதத்தில், ரெட்டோ அன்பில், மண்டபத்து மாமிகள் "கலியாணம் எப்ப?" என்ற கேள்வியில். அம்மா மட்டும்தான் சுற்றாமல் கொடுப்பவள். அம்மா கீழ் ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், இந்நேரம் யாருக்காவது கூழ் ஊட்டிக்கொண்டிருப்பாள், தொலைக்காட்சியை அணைத்து வைத்திருப்பாள். ஒரே ஒருமுறை போட்டி பார்க்க வந்தாள். அன்று யாரோ விழுந்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே தாழ வந்தது. ஆயிரம் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பனியில் குந்திவிட்டாள். ஐந்து நிமிடம் எழும்பவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாகச் சொன்னாள், "நாங்கள் சாவுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ என்னெண்டால் தேடித் தேடிப் போறாய்." தேடிப் போகவில்லை அம்மா, என்று நிரோஜினி மனத்துக்குள் பல முறை தொடங்கியிருக்கிறாள். சாவையில்லை. வேறொன்றை. மலை முழுக்க உன்னை ஒரு பக்கம் இழுக்கும்போது நீ உன் கோட்டில் போகிறாயே, அந்த ஒன்றரை நிமிடத்தில் யாரும் உனக்கு எந்த இடமும் கொடுக்கவில்லை, யாரும் பறிக்கவும் முடியாது, இதை எந்தத் தமிழில் சொல்வது, சொல்லத் தொடங்கினாலே ஏதோ புத்தகத்தில் வாசித்த மாதிரி இருக்கிறது.

இப்போது ஹெலிகாப்டர் வந்துவிட்டது. முதலில் நெஞ்சுக்குள் கேட்டது, பிறகு பள்ளத்தாக்கில். குடிசைப் பலகைகள் அதிர்ந்தன. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. எல்லோரும் வயிற்றில் என்கிறார்கள், அவளுக்குத் தொடையின் பின்பக்கத்தில், தண்ணீர் இறங்குவது மாதிரி. ரெட்டோ சொன்னதில் எது பொய். ஒன்றும் பொய்யில்லை. பாதை கிழிந்திருக்கிறது, வெளிச்சம் இல்லை, முழங்கால் என்று ஒரு சொல் போதும், கௌரவமாகக் கம்பிவட லிஃப்டில் இறங்கிவிடலாம், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், அடுத்த வருடம் யாராவது ஒலிவாங்கியைக் கொடுத்து மற்றவர்கள் விழுவதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பேசலாம். நன்றாகவே பேசுவாள். இன்றைக்குச் சட்டியில் என்ன நடந்தது நிரோஜினி? தெரியாது. எனக்கு அந்த இடத்தில் படம் இல்லை.

அப்பா ஒரு துணியை எடுத்துப் பலகையின் ஓரத்தில் படிந்த பனித்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அணியிலிருந்து பாதி வெளியே தள்ளிய பிறகு அவளுடைய பலகைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கொடுக்கவில்லை, அப்பாதான் பழகினார். வாழ்க்கையில் ஒருநாள்கூடப் பனியில் சறுக்காத மனிதர். ஹோட்டல் நிலவறையில் பலகையைக் கவிழ்த்துப் பூட்டி, மெழுகை உருக்கி ஊற்றி, தாளிதம் கருகுமுன் இறக்குகிற மூக்கோடு அதன் சூட்டை மணந்து பார்த்தே சொல்வார். கழுத்தில் தொங்கிய அட்டையில் தொழில்நுட்ப உதவியாளர் என்று போட்டிருந்தது. அவர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பதை அவள் பார்த்தாள். இவரிடம் இருக்கிறது என்று திடீரென்று தோன்றியது. அந்த நான்கு விநாடியும் இவரிடம் இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரே வீட்டில்.

"அப்பா, அண்டைக்கு நான் ஏன் விழுந்தனான்?"

அவர் கை நின்றது. "இப்ப ஏன் அது?"

"இப்பதான் வேணும்."

"ரெட்டோ சொன்னவர்தானே. பலகை ஓரம் ஐஸில பிடிபட்டது எண்டு. கெட்ட காலம் எண்டு."

"அவர் சொன்னது எனக்குத் தெரியும். நீங்கள் பாத்தனீங்கள்தானே. எத்தினை தரம் பாத்தனீங்கள்?"

ஹெலிகாப்டர் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அது பள்ளத்தாக்கின் மறுபக்கம் திரும்பிப் போனது. பிறகு அவர் கிட்ட வந்தார்.

"நீ நிமிந்தனி, பிள்ளை. சிவப்புக் கொடி தாண்டினவுடன. சட்டிக்குள்ள இறங்க முதல். ஒரு சாண் இருக்கும், தலை மேல வந்தது, கை பின்னுக்குப் போச்சுது. ஓரம் பிடிபட்டது அதுக்குப் பிறகு. பலகையில பிழையில்லை. ஐஸிலயும் பிழையில்லை."

"பயந்தோ?"

"ஓம். வேகத்தைக் கொஞ்சம் குறைப்பம் எண்டு நினைச்சிருப்பாய்."

முதலில் முகம் கொதித்தது. கன்னத்தில் அறை விழுந்த மாதிரி. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ரெட்டோவுக்கு, சங்கத்துக்கு, வடை கடித்த மாமாவுக்கு, அவள் பயந்து நிமிர்ந்தாள் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும், அவளுக்கு மட்டும் கெட்ட காலம் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் அந்த மாத்திரையின் மேல் படுத்திருந்திருக்கிறாள். கெட்ட காலம் என்றால் என்ன அர்த்தம், எந்தக் கொடியிலும் எந்த நாளும் வரலாம் என்று அர்த்தம், அதனால்தான் எல்லாக் கொடியிலும் பயந்தாள், முப்பத்தெட்டாவது வந்தாள், நாற்பத்தொன்றாவது வந்தாள். இது அப்படியில்லை. இது ஒரு சாண். ஒரே ஒரு இடத்தில் ஒரு சாண். நிமிர்ந்தாள் என்றால் நிமிராமலும் இருக்கலாம். கோபம் இறங்காமலே அதற்குள்ளிருந்து வேறொன்று எழும்பியது, காலை மாற்றி வைக்க இடம் கிடைத்த மாதிரி. கண்ணை மூடினாள். கரண்டிக்காம்பு. கொதி. சிவப்புக் கொடி. படம் நின்ற இடத்தில் ஒரு பெண் நிமிர்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள். கை வளைந்தது. முதல் தடவையாகச் சட்டியின் அடியைத் தொட்டு இடப்பக்கம் திரும்பி வெளியே வந்தது.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை." துணியை மடித்தபடியே சொன்னார், "சொன்னால் நீ திருத்திக்கொண்டு திரும்பப் போவாய். அந்தப் பயம்தான்."

"இப்ப ஏன் சொன்னீங்கள்?"

"எப்பிடியும் போகப்போறாய். அப்ப தெரிஞ்சுகொண்டு போ."

அதிகாரி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம். ரெட்டோ வாசலில் தலையை நீட்டினார். நிரோஜினி மேற்சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள், கையுறைப் பட்டியைப் பல்லால் கடித்து இறுக்கினாள், ரெட்டோவைப் பார்த்து, "என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை," என்றாள். அவர் ஒதுங்கினார். அப்பா அவள் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தரம் ஓங்கி அடித்தார், இறைச்சிக்கு மசாலா பிடிக்க அடிக்கிற மாதிரி, வலித்தது, வலித்தது நல்லது.

பத்து விநாடி. தடிகளை ஊன்றினாள். கம்பிக்கு அப்பால் மலை இல்லை, வெளிறின சாம்பல் நிறம்தான் இருந்தது, அதில் முதல் கொடி ஒரு கீறல். ஐந்து என்றது இயந்திரம். நான் பயப்படுகிறேன், சரி, பயம் கூடவே வரட்டும், அதற்கும் பலகை இருக்கிறது. கம்பி காலில் தட்டித் திறந்தது. பிறகு காற்று. கரண்டிக்காம்பில் முதல் நான்கு உந்தலுக்குப் பிறகு நினைவு என்று ஒன்று தனியாக இல்லை, கால் நினைத்தது, ஐஸ் பலகைக்கடியில் சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரிக் கிரீச்சிட்டது, கொதியில் முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடித்தன, திருகாணிகள் எங்கேயோ இருந்தன, ஒரு கொடி, அடுத்த கொடி, முப்பத்தாறு பேர் கிழித்துப்போட்ட தடங்கள் பலகையைப் பிடித்து இழுத்தன, சிவப்பு, இதோ சிவப்பு, வலது தோளில் உரசியது. தலை எழும்பப் பார்த்தது. உடம்பு முழுக்க ஒரே குரலில், ஒரு அம்மாவின் குரலில், எழும்பு எழும்பு என்றது. அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். நாடி முழங்காலில் முட்டியது, மலை அவள் மேல் ஏறி உட்கார்ந்தது, பள்ளமொன்றில் இடது பலகை ஒரு கணம் காற்றில் போனது, போகட்டும், வலதில் நின்றாள், பற்களுக்கு நடுவே ஏதோ கெட்ட வார்த்தை, எந்த மொழியிலென்று தெரியாது, பலகை திரும்பி வந்து ஐஸைக் கடித்தது, கடித்துப் பிடித்தது, திரும்பியது. வெளியே வந்தபோது கோட்டிலிருந்து நன்றாக விலகியிருந்தாள், நேரம் போயிருக்கும், எவ்வளவென்று தெரியாது, ஆனால் வானம் மேலேதான் இருந்தது, முகத்துக்கு முன்னால் இல்லை. மிச்சத்தை அவள் கத்திக்கொண்டே இறங்கினாள்.

முடிவுக்கோட்டைத் தாண்டித் தடுப்புப் பஞ்சு மெத்தையில் போய்ச் சாய்ந்து, மூச்சு வருகிறதா என்று காத்திருந்து, பிறகுதான் இடத்தைக் காட்டும் மின்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு. கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். இருபத்தாறுதான். நார்வேக்காரி இறங்கினாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று பேர் இறங்கினார்கள். ஒருத்தி விலகினாள், ஒருத்தி அவளை முந்தினாள். இருபத்தேழு. அதற்குமேல் அசையவில்லை. ஒலிபெருக்கிக்காரர் இதற்கிடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு நீண்ட பயணம், மறக்க முடியாத வீராங்கனை, நன்றியோடு விடைகொடுப்போம் என்று எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டார், ஜனங்களும் கை தட்டினார்கள். வேலிக்குள் ஒரு பெண் பெரிய பூங்கொத்தோடு காத்திருந்தாள். பக்கத்தில், சறுக்குப் பலகையில் பின்னால் இறங்கி வந்திருந்த ரெட்டோ. அவர் கண் கலங்கியிருந்தது. பூங்கொத்தை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் நீட்டினார். மஞ்சளும் வெள்ளையுமாக ரோஜாக்கள், இந்தக் குளிரில் எங்கிருந்தோ வரவழைத்தவை. எப்போது சொல்லி வைத்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நேற்றோ முந்தாநாளோ சொல்லியிருப்பார், அவள் பலகையில் மெழுகு காய்ந்துகொண்டிருந்தபோது.

"இருபத்தேழு," என்றாள்.

"பார்த்தேன். அற்புதம், நிரோ. இதைவிட நல்ல முடிவு..."

"வெள்ளிக்கிழமைப் போட்டிக்குப் பட்டியல் எப்போது கொடுக்கவேண்டும்?"

அவர் பார்த்தார். "இன்று நான்கு மணிக்குள்."

"பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது. எழுதுங்கள்."

ரெட்டோ பூங்கொத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைப்பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார், பேனாவையும் எடுத்தார், பூங்கொத்து கையில் இருந்ததால் எழுத முடியவில்லை, அக்குளில் இடுக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை.

"கொண்டாருங்கள், நான் பிடிக்கிறேன்," என்று நிரோஜினி பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். அவர் தன் முழங்காலில் தாளை வைத்து ஒரு பெயரை வெட்டினார், மேலே இன்னொரு பெயரை எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, தன் பெயரைக் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். அவர் பேனாவை மூடியதும் பூங்கொத்தை அவர் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு, மேலேயிருந்து அப்பா வருகிற லிஃப்ட் எது என்று பார்க்கப் போனாள்.